கிராஸ் கன்ட்ரி ஸ்கீ பூட்: குதிகால் தூக்குது, பாதத்து மேல வலி, பட்டை திறந்துக்குது. எந்தக் கட்டு சரி?

வாணியம்பாடி_சாம்பிள்ரூம்

சலாம், வணக்கம். கிளாசிக் டூரிங் வகை கிராஸ் கன்ட்ரி ஸ்கீ பூட்டுக்கு அப்பர் (சோலுக்கு மேல இருக்கிற பாகம்) டெவலப்மென்ட் போய்க்கிட்டிருக்கு. தெரியாதவங்களுக்கு: இது மலைச்சரிவுல இறங்குற பிளாஸ்டிக் கூடு பூட் இல்ல. சமதளப் பனியில நடந்து, தள்ளி, வழுக்கிப் போறதுக்கு. விரல் பக்கம் மட்டும் ஸ்கீயில மாட்டும், குதிகால் ஒவ்வொரு அடிக்கும் மேல எழும்பும். சோல், பையர் அனுப்புற என்என்என் (பூட்டை ஸ்கீயில மாட்டுற ஒரு முறையோட பேர்) யூனிட்: முன்நுனியில குறுக்கே ஒரு ஸ்டீல் கம்பி, அடியில ரெண்டு நீளப் பள்ளம்.

இப்போ இருக்கிற சாம்பிள், சைஸ் 42: 7 ஜோடி பித்தளை ஐலெட் (லேஸ் போற ஓட்டை வளையம்), 18 மி.மீ. இடைவெளி, நைலான் உருண்டை லேஸ், டங்குல (லேஸுக்கு அடியில வர்ற நாக்கு) 4 மி.மீ. ஃபோம், கணுக்கால்ல 25 மி.மீ. வெல்க்ரோ பட்டை. பட்டை குவார்ட்டர் (அப்பரோட பின்பாதி) மேல கணுக்கால் உயரத்துல, படுக்கைவாட்டுல தைச்சிருக்கு. வெல்க்ரோ ஒட்டுற நீளம் 30 மி.மீ.

ட்ரையல்ல வந்த புகார் நாலு. குதிகால் உள்ளே தூக்குது. இறுக்கிக் கட்டினா பாதத்து மேல வலி, விரல் மரத்துப்போகுது. வளையுற இடத்துல கட்டைவிரல் மூட்டை அழுத்துது. பனியில கொஞ்ச நேரம் போனா வெல்க்ரோ தானா திறந்துக்குது.

பையர் தரப்புல "ரேச்செட் பக்கிள் (பல் பல்லா இறுகுறது) போடலாமா, டயல் (திருகி இறுக்குறது) போடலாமா"ன்னு கேட்கிறாங்க. விலை ஏறும். லேஸ், பட்டை, ஜிப் இதை வெச்சே சரி பண்ண முடியுமா?

---

ஆம்பூர்_பேட்டர்ன்

முடியும் பாய். பக்கிள் போட்டாலும் இந்தப் புகார்களில் மூன்று அப்படியேதான் இருக்கும், ஏனென்றால் கோளாறு கட்டில் இல்லை, கட்டு எங்கிருந்து எங்கே இழுக்கிறது என்பதில் இருக்கிறது.

குதிகாலை முதலில் பாருங்கள். உங்கள் பட்டை கணுக்காலைச் சுற்றிப் படுக்கைவாட்டில் போகிறது. அது காலைப் பின்னால் தள்ளும், கீழே அழுத்தாது. இந்த பூட்டில் காலைத் தூக்கும்போது சோலும் ஸ்கீயின் எதிர்ப்பும் கீழே இழுக்க, குதிகால் மேலே ஏறப் பார்க்கும். அதைப் பிடிக்க வேண்டிய விசை, பாதமும் கெண்டைக்காலும் சேரும் மடிப்பிலிருந்து குதிகாலின் அடிமூலைக்குச் சாய்வாக, கிட்டத்தட்ட 45 டிகிரியில் போகவேண்டும். லாஸ்டில் (பூட் செய்யும் கால் அச்சு) ஹீல் கர்த் (குதிகால் சுற்றளவு) அளக்க டேப் ஓடும் பாதை இருக்கிறதல்லவா, அதேதான். பட்டையின் வேர் குவார்ட்டரின் மேல்பரப்பில் இருக்கக்கூடாது. 20 அல்லது 25 மி.மீ. பாலியஸ்டர் வெப்பிங்கை (நெய்த நாடா) அப்பருக்கும் லைனிங்குக்கும் நடுவில் ஓட்டி, கவுண்டரின் (குதிகாலைச் சுற்றி உள்ளே வைக்கும் விறைப்புத் துண்டு) முன்விளிம்பை ஒட்டி இறக்கி, 15 மி.மீ. மார்ஜின் விட்டு இன்சோலுக்கு அடியில் அப்பரோடு சேர்த்து லாஸ்ட் செய்துவிடுங்கள். மேல்நுனியை மடித்து லூப் ஆக்கினால் அதில் லேஸ் போகும். இழுத்தால் தோல் நீளாது, வெப்பிங் நேராகக் குதிகாலை உட்கார வைக்கும். தோலில் மட்டும் பட்டையைத் தைத்தால், ஈரமானதும் தோல் இழுபட்டு, காலையில் இறுக்கியது மதியம் தளர்ந்திருக்கும்.

அடுத்து வளைவு. லாஸ்டின் உள்பக்க, வெளிப்பக்க மூட்டுப் புள்ளிகளைக் குறித்து இணையுங்கள். கோடு சாய்வாக வரும், உள்பக்கம் முன்னால், வெளிப்பக்கம் பின்னால். கால் ஒவ்வொரு தள்ளலிலும் மடங்குவது இந்தக் கோட்டில். கடைசி ஐலெட் ஜோடி, ஐஸ்டே (ஐலெட் வரிசை இருக்கும் பட்டி) முனை, பார்டேக் (பலத்துக்குப் போடும் நெருக்கத் தையல்), ஜிப்பின் கீழ்முனை ஆகிய எதுவும் இந்தக் கோட்டுக்குப் பின்னால் 12 முதல் 15 மி.மீ.க்குள் வரக்கூடாது. 7 ஜோடியை 18 மி.மீ. இடைவெளியில் வைத்தால் நெடுக 108 மி.மீ. ஆகிறது; உங்கள் கடைசி ஜோடி கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும். அந்த இடத்தில் அப்பர் உள்ளே மடியும்போது, இரண்டு அடுக்குத் தோலும் ஐலெட்டும் சேர்ந்து கட்டைவிரல் மூட்டில் குத்துகின்றன. கீழ் ஜோடியை எடுத்துவிடுங்கள். வாம்ப்பின் (அப்பரின் முன்பாகம்) அந்தப் பகுதியில் டோ பஃப் (விரல்முனை விறைப்புத் துண்டு) ஓரமும் வரக்கூடாது. பஃப்பை ஸ்கைவ் செய்து (ஓரத்தை மெலிதாகச் சீவி) கோட்டுக்கு முன்னாலேயே முடியுங்கள்.

இப்போது வலி. பாதத்தின் மேல், கட்டைவிரல் எலும்புக்கும் அடுத்த எலும்புக்கும் இடையே விரல்களுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. டாக்டர் காலில் நாடி பார்ப்பதும் அங்கேதான். அதன் மேல் லேஸ் குறுக்கிட்டு இறுகினால் விரல் குளிரும், மரக்கும். குளிர் நாட்டில் இது வெறும் அசௌகரியம் அல்ல, உறைபுண்ணுக்கு வழி. பாதத்தின் உச்சிமேட்டில் ஒரு குறுக்குக் கட்டை விட்டுவிடுங்கள்: அந்த இடத்தில் லேஸ் இரு பக்கமும் நேராக மேலே ஏறட்டும். குதிகாலைப் பிடிப்பது வெப்பிங் லூப் என்பதால் அந்த ஒரு குறுக்கு இல்லாமல் போனாலும் பிடி குறையாது. ஐஸ்டேக்கள் லாஸ்டின் மேல் மூடிய நிலையில் 45 மி.மீ. இடைவெளி விட்டு இணையாக இருக்கட்டும். மெலிந்த காலுக்கு இறுக்கும்போது அது 20 வரை குறையலாம். இரண்டும் முட்டிக்கொண்டால் அதற்கு மேல் இறுக்க வழியே இல்லை. லேஸ் இறுகியதாகத் தோன்றும், கால் ஆடும்.

டங்குக்கு 4 மி.மீ. ஃபோம் போதாது. மேல் அடுக்கு 2 மி.மீ. ஈவிஏ ஷீட், அடி அடுக்கு 6 மி.மீ. மூடிய துளை ஃபோம். கடினமான ஷீட் லேஸின் அழுத்தத்தைப் பரப்பிவிடும், மெத்து காலோடு படியும். ஃபோமை மட்டும் தடிப்பாக்கினால் லேஸ் அதில் பள்ளம் தோண்டி உட்கார்ந்துகொள்ளும், பலன் இல்லை.

---

ராணிப்பேட்டை_லேப்

பேட்டர்ன் மாஸ்டர் சொன்ன அமைப்பு சரி. நான் மெட்டீரியல் பக்கம் சொல்கிறேன்.

நைலான் லேஸை எடுத்துவிட்டு பாலியஸ்டருக்குப் போங்கள். சாதாரணக் காற்றிலேயே நைலான் சுமார் 4 சதவீதம் ஈரம் வாங்கும், பாலியஸ்டர் 0.4 சதவீதம். நனைந்த நைலான் நீளும், உறைந்தால் குச்சியாக நிற்கும். லேஸ் 3 முதல் 3.5 மி.மீ. பின்னல் இருக்கட்டும், 2 மி.மீ. வழுவழுப்பாக ஓடும், ஆனால் டங்கில் வெட்டும்.

பித்தளை ஐலெட்டில் இரண்டு சிக்கல். உலோகம் வெளிக்குளிரை நேராக உள்ளே கடத்தும். உள்பக்கம் பனித்துளி படிந்து லைனிங் நனையும். இரண்டாவது உராய்வு. லேஸ் ஒவ்வொரு ஐலெட்டிலும் ஏறக்குறைய செங்கோணத்தில் திரும்புகிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால், உராய்வுக் கெழு 0.3 ஆக இருக்கும்போது நாலு ஐலெட் தாண்டியதும் கையால் இழுத்த விசையில் 15 சதவீதம்தான் மிஞ்சும். அதே கெழு 0.15 என்றால் 39 சதவீதம். அதனால்தான் மேலே கழுத்தைப் பிடிப்பதுபோல் இறுகுகிறது, கீழே தளர்ந்தே கிடக்கிறது. போடுபவர் இன்னும் இழுக்கிறார், வலி மேலேயே கூடுகிறது. வெப்பிங் லூப் அல்லது வழவழப்பான அசிட்டால் (ஒரு கடினப் பிளாஸ்டிக்) கைடு போட்டால் இது பாதி தீரும்.

வெல்க்ரோ தானாகத் திறப்பதற்கு வருவோம். வெல்க்ரோ இழுவைக்கு வலிமையானது, உரித்தலுக்கு மிகப் பலவீனமானது. உங்கள் பட்டையின் நுனி கணுக்கால் வளைவில் முடிகிறது, கால் முன்னால் சாயும்போதெல்லாம் நுனி உரிகிறது. அந்த இடைவெளியில் பனித்தூள் புகுந்து கொக்கிகளுக்கு நடுவே இறுகிவிட்டால் மறுபடி ஒட்டாது. செய்ய வேண்டியவை: ஒட்டும் நீளத்தை 30-லிருந்து குறைந்தது 60 மி.மீ. ஆக்குங்கள். நுனி தட்டையான வெளிப்பக்கத்தில் முடியட்டும். கொக்கிப் பக்கம் பட்டை நுனியின் உள்பக்கம், பஞ்சுப் பக்கம் அதைவிட நீளமாக. எந்த நீளத்தில் கட்டினாலும் ஒரு கொக்கிகூட வெளியே தெரியக்கூடாது. பட்டையை ஒரு வளையத்தில் நுழைத்துத் திருப்பி அதன் மேலேயே ஒட்டினால், காலை இழுக்கும் விசையில் பாதிதான் வெல்க்ரோவுக்கு வரும், கப்பி போல. கடைசி 15 மி.மீ.யில் கொக்கி வேண்டாம், தடித்த கையுறையோடு பிடிக்க அது காது.

பட்டை மேலுறைக்கு பிவிசி பூசிய எதுவும் கூடாது. வாணியம்பாடி வெயிலில் துவளும் அதே பிவிசி மைனஸ் 15-ல் அட்டையாகி மடிப்பில் வெடிக்கும். டிபியு (ஒரு வளையும் பிளாஸ்டிக்) பூச்சு பரவாயில்லை. பக்கிள், வளையம் எல்லாம் அசிட்டால் அல்லது நைலானில் வாங்குங்கள். பாலிபுரொப்பிலீன் பக்கிள் பூஜ்ஜியத்தைச் சுற்றியே நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும்.

வெல்க்ரோவுக்கு ஐஎஸ்ஓ 22776 இழுவைச் சோதனை, 22777 உரித்தல் சோதனை, லேஸ் தேய்மானத்துக்கு 22774. பையர் கேட்கும் முன்னே மூன்றையும் செய்து வையுங்கள். ஆனால் இவை அறை வெப்பத்தில் செய்பவை, பனியைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அதற்கு ஐஸ்கிரீம் கடை டீப் ஃப்ரீசரே போதும்: பூட்டைக் கட்டிய நிலையில் அரை மணி நேரம் தண்ணீர் தெளித்து, மைனஸ் 18-ல் ராத்திரி முழுக்க வைத்து, காலையில் தடித்த கையுறை போட்டுக்கொண்டு திறந்து மூடிப் பாருங்கள். திறக்க வராத கட்டும் தோற்றதுதான், தானாகத் திறந்த கட்டும் தோற்றதுதான்.

---

குப்பம்_குளோசிங்

வெப்பிங் பத்தி ஒரு எச்சரிக்கை. பேக் தைக்கிறவங்களுக்கு விக்கிற மலிவு வெப்பிங் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். பாலியஸ்டர்னு பில் போட்டுக் கொடுத்துடுவாங்க. ஒரு துண்டு வெட்டி சோப்புத் தண்ணியில அமுக்கி விடுங்க. மிதந்தா பாலிபுரொப்பிலீன், முழுகினா பாலியஸ்டர் இல்ல நைலான்.

தைக்கும்போது: நூல் 40 நம்பர் பாண்டட் பாலியஸ்டர். லூப்பைத் தோலோட சேர்த்து 42 தையல் பார்டேக் ஒண்ணு போதும். பலமா இருக்கட்டும்னு அடுத்தடுத்து மூணு பார்டேக் போட்டா தோல் ஓட்டை ஓட்டையா ஆகி அந்த வரியிலேயே கிழியும். வெப்பிங் முனையைச் சூட்டுக்கத்தியால வெட்டுங்க, ஆனா உருகின விளிம்பு கட்டியா நின்னா லைனிங் வழியாக் குத்தும். வெட்டினதும் சூடா இருக்கும்போதே தட்டையா அழுத்திடணும். ஸ்கைவிங்ல வெப்பிங் போற தடத்துக்கு கவுண்டரை 0.5 மி.மீ. குறைச்சு எடுத்தா வெளியில வரி தெரியாது.

லேப்காரர் சொன்னதுல ஒண்ணு மட்டும் ஒத்துக்க முடியல. எல்லா இடத்துலயும் லூப் போட்டா லேஸ் ரொம்ப சுலபமா ஓடும், நடக்க நடக்க முன்பாதத்து லேஸ் மேல போய் கணுக்கால் தளரும், இல்ல கணுக்கால் லேஸ் கீழ வந்து முன்பாதம் தளரும். உராய்வு குறைஞ்சா எல்லா இடத்துலயும் ஒரே இழுவிசைதான் நிக்கும். நமக்கு வேணும்கிறது அது இல்லையே.

---

ஆம்பூர்_பேட்டர்ன்

குப்பத்துக்காரர் சொல்வது நியாயம். நான் எழுதாமல் விட்ட பகுதி அது. கீழே இருக்கும் 3 ஜோடி லூப், அதற்கு மேல் பாதமடிப்பில் ஒரு ஜோடி பூட்டும் கொக்கி, அதற்கு மேல் 2 ஜோடி திறந்த கொக்கி. பூட்டும் கொக்கியின் வாய் லேஸின் தடிப்பைவிடக் கொஞ்சம் குறுகலாக இருக்கும். லேஸைக் கீழ்நோக்கி இழுத்துச் செருகினால் அங்கேயே நின்றுவிடும். முன்பாதத்தை லேசாகச் சேர்த்து, பூட்டி, பிறகு கணுக்காலை இறுக்கலாம். குதிகால் வெப்பிங்கின் லூப் இந்தப் பூட்டும் கொக்கிக்கு நேர் கீழே வரவேண்டும். உலோகக் கொக்கி வேண்டாம் என்றால் பிளாஸ்டிக்கிலும் வருகிறது, லேஸ் தடிப்பைச் சொல்லி வாங்குங்கள்.

மேல் ஜோடி பற்றி ஒரு வார்த்தை. ஸ்கீ போகிறவர் முழங்காலை மடக்கி முன்னால் சாய்ந்தே நிற்பார். அப்போது கெண்டைக்கால் முன்பக்கத் தசைநாண் புடைத்து வெளியே வரும். நேராக நின்றுகொண்டு ஃபிட் பார்த்தால் இது தெரியாது. காலரின் முன்பக்கத்தை ஒரு 10 மி.மீ. பள்ளமாக வெட்டுங்கள், டங் மட்டும் அதற்கு மேல் நீளட்டும். ஃபிட் பார்ப்பவரை முழங்காலை மடக்கச் சொல்லி அப்புறம் மேல் ஜோடியைக் கட்டச் சொல்லுங்கள்.

---

வாணியம்பாடி_சாம்பிள்ரூம்

ரொம்ப நன்றி மாஸ்டர், எல்லாருக்கும். லேஸ் நீளம் எப்படிக் கணக்கிடுறது? லேஸ் மேல மூடித்துணி வெச்சு மூடுற ஜிப்பும் கேட்கிறாங்க. டயல் பத்தி யாரும் பேசலையே.

---

ஆம்பூர்_பேட்டர்ன்

லேஸை மூடிய நிலைக்குக் கணக்கிட்டால் மாட்டிக்கொள்வீர்கள், காலை நுழைக்கத் திறக்கும் நிலைக்குக் கணக்கிடுங்கள். 6 ஜோடி, 22 மி.மீ. இடைவெளி, மூடியபோது அகலம் 50 என்றால் ஒவ்வொரு குறுக்கும் சுமார் 55 மி.மீ.; பத்துக் குறுக்கு 550, அடி அகலம் 50, ஆக 600. திறந்தபோது கீழே 60, மேலே 120, சராசரி 90 என்று வைத்தால் குறுக்கு 93 ஆகிவிடும்; பத்து சேர்த்து 930, அடி 60, ஆக 990. இரு பக்கமும் கையில் பிடிக்க 120, 120. மொத்தம் 1230 மி.மீ. மூடியதும் இரு பக்கமும் 315 மிஞ்சும், முடிச்சுக்குச் சரியாக இருக்கும். உச்சியில் ஒரு குறுக்கை விட்டதால் வரும் வித்தியாசம் சிறியது, விடுங்கள். ஒரு பிரெஞ்சு சைஸுக்கு லாஸ்ட் 6.67 மி.மீ. நீள்கிறது என்பதற்காக ஒவ்வொரு சைஸுக்கும் தனி லேஸ் வேண்டாம். மூன்று சைஸுக்கு ஒரு லேஸ் போதும். ஐலெட் எண்ணிக்கையை எல்லா சைஸிலும் அப்படியே வைத்து இடைவெளியை மட்டும் கிரேடிங்கில் (ஒரு சைஸ் பேட்டர்னை மற்ற சைஸுக்கு அளவு மாற்றுவது) மாற்றுங்கள், ஆனால் வளைவுக் கோட்டிலிருந்து விடும் தூரம் மாறக்கூடாது.

ஸ்பிரிங் டாகிள் (பித்தானை அமுக்கி லேஸைப் பிடிக்க வைக்கும் கிளிப்) வேண்டாம் என்பேன். உள்ளே தண்ணீர் போய் உறைந்தால் பித்தான் அமுங்காது.

---

ராணிப்பேட்டை_லேப்

டாகிள் விஷயத்தில் மாறுபடுகிறேன். மேலே ஜிப் மூடி இருந்தால் டாகிளுக்குப் பனியே போகாது, முடிச்சைவிடக் கையுறைக்கு எளிது. மூடி இல்லாத மாடலுக்குத்தான் மாஸ்டர் சொல்வது பொருந்தும்.

ஜிப்பின் வேலை மூடுவது மட்டும். அதை இறுக்கும் கருவியாக்கினால் முதலில் பல் விலகும், பிறகு ரன்னர் வாய் அகலும். லேஸ் முழுவதும் கட்டிய பிறகு ஜிப் ஒரு விரலில் ஏறவேண்டும். ஏறவில்லை என்றால் மூடித்துணியை 6 முதல் 8 மி.மீ. அகலமாக்குங்கள். 5 நம்பர் நைலான் காயில், பியு பூசி காயில் உள்பக்கம் திருப்பியது. நடுக்கோட்டில் வைக்காமல் வெளிப்பக்கம் 15 மி.மீ. தள்ளுங்கள், தசைநாண் மேல் காயில் உட்காராது. கீழ்முனையில் பனி தேங்கும், அங்கே ஒரு மடிப்பு மூடி. மேலே ரன்னர் ஒளிய ஒரு சின்னப் பை. இழுக்கும் கயிறு 50 மி.மீ. இல்லாவிட்டால் கையுறையில் சிக்காது. தையலில் துளை இருக்கும் வரை இது நீர்புகாது அல்ல, நீர்விலக்கிதான். பையருக்கு எழுதும்போது வார்த்தையைப் பார்த்துப் போடுங்கள்.

---

பேர்ணாம்பட்டு_டெவலப்மென்ட்

டயல், ரேச்செட் பற்றி நான் சொல்கிறேன்.

டயல் முறையில் பெயர் பெற்ற போவா 2001-ல் அமெரிக்காவின் கொலராடோவில் தொடங்கியது. மெல்லிய கம்பியோ கயிறோ டயலில் சுற்றிக்கொள்ளும், கையுறை கழற்றாமல் இறுக்கலாம், கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கலாம். ரேஸ் பூட்டுக்கு நல்லது. டூரிங்குக்கு யோசிக்கவேண்டும்: காட்டு நடுவில் கயிறு அறுந்தால் போடுபவர் பையில் இருக்கும் எதைக் கொண்டும் அதைக் கட்ட முடியாது, லேஸ் அறுந்தால் முடிச்சுப் போட்டு வீடு வந்து சேரலாம். ஒரே டயல் போட்டால் குப்பத்து நண்பர் சொன்ன அதே சிக்கல் முழுசாக வரும், முன்பாதமும் குதிகாலும் ஒரே இழுவிசையில். பிரிக்க இரண்டு டயல் வேண்டும். டயலை டங் மேல் வைத்தால் மேலே மூடித்துணி புடைக்கும், பக்கவாட்டில் வைத்தால் மற்றக் காலின் ஸ்கீ உரசாத வெளிப்பக்கம் மட்டுமே வைக்கலாம். மென்மையான குவார்ட்டரில் டயல் அடித்தட்டு ஆடும். அடியில் விறைப்பான ஒரு துண்டு வைத்துத் தைக்கணும். அதன் கைடுகள் இருக்கும் இடமும் தனியாக பேட்டர்ன் செய்து உறுதிசெய்யவேண்டியது, இருக்கும் ஐலெட் ஓட்டையில் மாட்ட முடியாது.

ரேச்செட் பக்கிள் ஸ்கேட்டிங் வகைக்கு உரியது. அதில் காலைப் பக்கவாட்டில் தள்ளுவார்கள், கணுக்கால் உள்ளே சாயாமல் இருக்க விறைப்பான பிளாஸ்டிக் கஃப் (கணுக்காலைச் சுற்றும் வளையம்), கணுக்கால் முட்டிக்கு நேராகக் கீல், கஃப்பை இறுக்க ரேச்செட். அந்த இழுவை கஃப் பிளாஸ்டிக்கில் விழும். கிளாசிக் பூட்டில் அப்படி ஏந்திக்கொள்ள ஒன்றுமில்லை. மென்மையான தோலில் பற்பட்டையை ரிவெட் செய்தால், இரண்டு பல் அதிகம் இறுக்கியதும் ரிவெட்டைச் சுற்றித் தோல் நீளும், பற்பட்டையின் விளிம்பு டங்கில் கோடு போடும். பையர் கேட்டாலும் கிளாசிக்குக்கு வேண்டாம் என்று காரணத்தோடு எழுதுங்கள்.

---

வாணியம்பாடி_சாம்பிள்ரூம்

டூரிங்குக்கு லேஸ், ஜிப் மூடி, மடித்து ஒட்டும் பட்டைன்னு முடிவு. பட்டை இனி மாஸ்டர் சொன்ன சாய்வுல. பனி இல்லாம குதிகால் பிடியை இங்கேயே எப்படிச் சோதிக்கிறது? ஒவ்வொரு தடவையும் சாம்பிள் அனுப்பி பதில் வர்றதுக்குள்ள சீசன் முடிஞ்சிடும்.

---

ஆம்பூர்_பேட்டர்ன்

பையரிடம் ஒரு ஜோடி என்என்என் பைண்டிங் (பூட்டை ஸ்கீயில் பிடிக்கும் பூட்டு) கேட்டு வாங்குங்கள். 25 மி.மீ. கனம், 100 மி.மீ. அகலம், ஒரு மீட்டருக்கு மேல் நீளமான பலகையில் திருகிவிடுங்கள், பலகையைத் தரையோடு கிளாம்ப் செய்யுங்கள். பூட்டின் பின்பக்கம், இன்சோலிலிருந்து 40 மி.மீ. உயரத்தில் கவுண்டர், லைனிங் எல்லாம் தாண்டி 8 மி.மீ. பஞ்ச் ஒன்று. இது சோதனை ஜோடிக்கு மட்டும், அனுப்பும் ஜோடியில் அல்ல. தடித்த வெள்ளைக் கம்பளி சாக்ஸ் போட்டு, கட்டி, குதிகால் தரையில் இருக்கும்போது ஓட்டை வழியாக பேனாவால் ஒரு புள்ளி. பிறகு குதிகாலை முழுதாகத் தூக்கி, பலகையை முன்நுனியால் தள்ளும் நிலையில் நின்று இன்னொரு புள்ளி. கழற்றி இரண்டு புள்ளிக்கும் இடையே அளங்கள். 5 மி.மீ.க்குள் இருந்தால் விடுங்கள். 8-ஐத் தாண்டினால் கொப்புளம் நிச்சயம்.

ஒரு தடவை அளந்து விடாதீர்கள். 200 தடவை தூக்கி இறக்கிய பிறகு மறுபடி அளக்கவேண்டும், லேஸை நனைத்து இன்னொரு முறை. முதல் அளவு நன்றாகவும் பிந்தைய அளவு மோசமாகவும் வந்தால் லேஸ் நழுவுகிறது, பூட்டும் கொக்கியின் வாயைப் பாருங்கள். முதலிலேயே மோசம் என்றால் வெப்பிங்கின் சாய்வு தப்பு, அல்லது கவுண்டர் லாஸ்டைவிட அகலமாக உட்கார்ந்திருக்கிறது. லேஸைத் தொடாதீர்கள், லாஸ்டிங்கில் பின்பக்க மோல்டிங்கைப் போய்ப் பாருங்கள். 41, 44 இரண்டு சைஸிலும் செய்யுங்கள். 42-ல் சரியாக வந்த வெப்பிங், 44-ல் கிரேடிங் தப்பினால் கணுக்கால் முட்டியின் மேலேயே ஏறி நிற்கும்.